அண்டை வீட்டார் சமயமும் நம் தமிழ் வகுப்பும்

தலைநகர்த் தமிழர் இருவர் மூவர் ஒரு வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பேசினால், பதவி உயர்வும் வீட்டு வாடகையும் பேசித் தீர்ந்தபின், பேச்சு பிள்ளைகளிடம் வந்து நிற்கும். "பள்ளியில் சமயக் கல்வி இல்லை, அதனால்தான் இக்காலப் பிள்ளைகளுக்குப் பக்தியும் இல்லை, பணிவும் இல்லை" என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர் தலையசைப்பார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரில் இக்குறையைக் கேட்டு வருகிறேன். குறை மெய்யே. ஆனால் அவர்கள் கூறும் மருந்து வேறு. நான் வேண்டும் மருந்து வேறு.

நம் சமயத்தை நம் பிள்ளைக்குச் சொல்லப் பள்ளி எதற்கு? வீடு இருக்கிறது; பாட்டி இருக்கிறாள்; இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட மலைமந்திர் சுவாமிநாதன் இருக்கிறான். ஆடிக் கிருத்திகையன்று அங்கே திரளும் கூட்டத்தைக் கண்டவர், தில்லித் தமிழ்ப் பிள்ளைகள் முருகனை மறந்துவிடுவார்கள் என்று அஞ்சமாட்டார். சட்டமும் இவ்வாறே எல்லை வகுத்திருக்கிறது. முழுவதும் அரசுப் பணத்தால் நடைபெறும் கல்விக்கூடங்களில் சமயப் போதனை கூடாது என்பதும், அரசின் உதவி பெறும் பள்ளிகளில் பெற்றோர் இசைவின்றி எப்பிள்ளையையும் அதில் கலந்துகொள்ளச் செய்யலாகாது என்பதும் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு கூறுவன. இதைச் சமயத்துக்கு எதிரான ஏற்பாடு என்று சொல்வாரும் உளர். எனக்கு அது அவரவர் வீட்டு வாயிலுக்கு இட்ட காவலாகவே தோன்றுகிறது.

பள்ளி கற்பிக்க வேண்டியது அண்டை வீட்டார் சமயத்தை. அதைக் கற்பிக்க வீட்டால் இயலாது.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைத்தவர்கள், தில்லிப் பல்கலைக்கழக இயற்பியல் அறிஞர் டாக்டர் தௌலத் சிங் கோத்தாரி தலைமையில் அமைந்த கல்விக் குழுவினர். 1966ஆம் ஆண்டில் அவர்கள் அளித்த அறிக்கை, ஒரு சமயத்தைப் போதிப்பது ஒன்று, சமயங்களைப் பற்றி அறிவிப்பது மற்றொன்று எனப் பிரித்தது. பெருஞ்சமயங்கள் ஒவ்வொன்றையும் பற்றித் தேர்ந்தெடுத்த செய்திகள் பாடத்தில் இடம்பெற வேண்டும் எனவும் பரிந்துரைத்தது. 2002 செப்டம்பரில் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும், சமயங்களைப் பற்றிய கல்வி அரசியலமைப்புக்கு முரணன்று என்றே தீர்ப்பளித்தது. வழி திறந்துதான் இருக்கிறது, நடப்பார் குறைவு.

1984 நவம்பரில் இந்நகரில் சீக்கியர்மேல் ஏவப்பட்ட கொலைவெறியில், அரசின் கணக்குப்படியே 2,733 பேர் மாண்டனர். அப்போது என் மகன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். பள்ளி மீண்டும் திறந்த சில நாட்களில், அவனோடு ஒரே பெஞ்சியில் அமரும் சீக்கியச் சிறுவன் தலைப்பாகையின்றி, முடி கத்தரிக்கப்பட்டு வந்தான். இரண்டொரு பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகன் சிரிக்கவில்லை. "நன்றாகத்தானே இருக்கிறது, இனிக் காலையில் தலைவாரும் தொல்லை இல்லை" என்று ஆறுதலாகச் சொல்லியிருக்கிறான். அச்சிறுவன் அதன்பின் பல நாள் அவனோடு பேசவில்லை. "அப்பா, நான் என்ன தவறாகச் சொல்லிவிட்டேன்?" என்று என்னிடம் வந்து நின்றான்.

1699இல் குரு கோவிந்த சிங் கால்சாவை நிறுவினார் என்பது அவனுக்கு மனப்பாடம். முந்தைய ஆண்டுத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றவன். கேசம், சீப்பு, இரும்பு வளை, கச்சை, கிருபாண் என்னும் ஐந்தில் கேசம் ஒரு சீக்கியனுக்கு என்ன பொருளுடையது என்பதோ, உயிருக்கஞ்சி அதைக் கொய்த வீட்டில் அன்றிரவு என்ன நடந்திருக்கும் என்பதோ அவன் நூலில் இல்லை. நான் அறிந்த அளவில் எடுத்துச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான்.

சமயப் பாடம் இருந்திருந்தால் அக்கொலைகள் நின்றிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கொன்றவர்கள் அறியாமையால் கொன்றவர்கள் அல்லர். நான் கவலைப்படுவது, கொல்லாத நம்மைப் பற்றி. அண்டை வீட்டுக்கு ஆறுதல் சொல்லச் சென்று, சொல் அறியாமல் நிற்கும் நம்மைப் பற்றி.

ஈழத்தை எடுத்துக்காட்டுவோர் உண்டு. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அதற்குத் தக்க காரணம் இருந்தது. பாதிரிமார் பள்ளியன்றிப் பிள்ளைக்கு வேறு புகல் அரிதாயிருந்த காலம் அது. இன்றும் இலங்கைப் பள்ளிகளில் சமயம் ஒரு பாடம். சைவப் பிள்ளை சைவநெறி பயில்கிறது; பௌத்தப் பிள்ளை பௌத்தம் பயில்கிறது. தன்னளவில் நல்லதே. ஆயினும் சமயப் பாடவேளை வந்ததும் ஒரே வகுப்புப் பிள்ளைகள் தனித்தனியே பிரிந்து செல்லும் அம்முறை தில்லிக்கு வேண்டா. இங்கே பிரிப்பதற்குப் பள்ளியின் உதவி தேவைப்படவில்லை.

நமக்கு வேறொரு வாய்ப்பு உண்டு. அதுவே தமிழ் வகுப்பு. மணிமேகலையின் 27ஆம் காதையை நினைத்துப் பாருங்கள். வஞ்சி மாநகரில் இளம்பெண்ணொருத்தி மாதவன் வடிவு கொண்டு, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டன், பூதவாதி என ஒவ்வொருவரிடமும் சென்று, "உம் கொள்கை யாது?" என்று கேட்கிறாள். சாத்தனார் பௌத்தச் சார்புடையவர். முடிவில் அவள் சேரும் இடமும் பௌத்தமே. பூதவாதியிடம் அவள் நகைத்து எதிர்வாதமும் செய்கிறாள். நடுநிலை குறைந்ததுதான். ஆனாலும் மாற்றாரை வாய்திறந்து பேசவிட்டபின் அல்லவா தம் முடிவைச் சொல்கிறார்? ஆசிரியர் சமயமற்றவராக இருக்க வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்தவராக இருந்தால் போதும் என்று கொள்கிறேன். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் கதை கேட்கும் பருவம் கடந்து கேள்வி கேட்கும் பருவம் வந்துவிடுகிறது.

தலைநகர்த் தமிழ்ப் பள்ளியொன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை அறிவேன். சீறாப்புராணப் பாடம் வரும்போதெல்லாம், "அரபு நாட்டுப் பாலையில் உமறுப்புலவர் ஏன் வயலையும் நீர்வளத்தையும் பாடினார்?" என்று வகுப்பைக் கேட்பார். தேம்பாவணியில் வீரமாமுனிவர் யூதேயாவைத் தமிழ்நிலமாக்கியதையும் உடன் சொல்வார். ஒரு முறை ஒரு மாணவி, "நாங்கள் தில்லி வீட்டில் வாழைமரம் வைத்திருப்பது போலத்தான்" என்றாளாம். நாற்பது நிமிட வகுப்பு அந்த ஒரு விடையிலேயே கழிந்தது என்பார் அம்மையார்.

பின்னர் மாணவரை நிசாமுத்தீன் தர்காவுக்கும், சாந்தினி சௌக்கின் சீசுகஞ்சு குருத்துவாராவுக்கும் அழைத்துச் செல்ல விரும்பினார். குரு தேக் பகதூர் 1675இல் உயிர் துறந்த இடம் அது. பெற்றோருக்கு இசைவுத் தாள் அனுப்பினார். "இது தேர்வில் வருமா?" என்று கேட்டார் ஒரு தந்தை. "வராது" என்றாராம். முப்பத்திரண்டு பேரில் இருபத்தேழு பெற்றோர் கையொப்பமிட்டனர். மற்ற ஐவரை அவர் ஒருபோதும் குறைகூறக் கேட்டதில்லை. 28ஆம் பிரிவு அவர்களுக்கும் உரியதுதானே என்பார்.