ஊற்றுக்கு உரியவர் யார்?

சென்ற ஆண்டுக் கோடையில் ஒரு நாள். அஸர் தொழுதுவிட்டுக் கல்மண்டபத்தில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றது. வரிசையில் வைத்த குடங்களுக்கும் அவற்றின் உடைமைக்காரர்களுக்கும் இடையே வழக்கமான வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த வேளையில்தான் பழவேற்காட்டிலிருந்து லாத்தா தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, உம்மா விட்டுப்போன அந்த மணல்திட்டு இருக்கே, அதை ஒருத்தர் கேட்கிறார். நல்ல விலை சொல்கிறார். இயற்கையைக் கெடுக்காத உல்லாசக் குடில் கட்டப் போகிறாராம். ஓலைக் கூரை, மண் சுவர் என்று படமெல்லாம் காட்டினார். உன் கையெழுத்து வேண்டுமாம். வந்து பார்த்துவிட்டுப் போ.”

அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் நீண்ட மணல்திட்டில் அது ஒரு சிறு துண்டு. பனைமரங்கள் இருபதுக்குமேல் இரா. நெல் விளையாது, வீடு கட்டவும் எவரும் துணிந்ததில்லை. ஆனால் அதன் நடுவே ஓர் ஊற்று உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது உம்மா அங்கே மணலைக் கையால் தோண்டுவார். முழங்கை ஆழம் போனதும் நீர் கசியும். சிரட்டையால் மொண்டு எங்கள் வாயில் ஊற்றுவார். கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல். மேற்கே கரிக்கும் ஏரி. நடுவே இளநீர் போன்ற தண்ணீர்! “இது அல்லாஹ்வின் அமானிதம், காலைக் கழுவி அசுத்தமாக்காதே” என்பது உம்மாவின் உத்தரவு. உம்மா மவுத்தாகி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஊற்று மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஏரியில் இறங்கும் மீனவப் பெண்கள் இன்றும் அதில்தான் குடம் நிரப்புகிறார்கள்.

நேயர்களே, லாத்தாவின் அழைப்பு என்னைத் தடுமாறச் செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. அத்தகைய உல்லாசக் குடிலொன்றில் ஓர் இரவு படுத்துறங்கியவன் நான்!

என் மருமகன் மாலத்தீவில் ஒரு விடுதியில் கணக்கராக இருக்கிறார். கூட்டம் குறைந்த மழைக்காலத்தில் ஊழியர்களின் குடும்பத்தாருக்குச் சலுகை தருவார்களாம். மகளின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் போனேன். மாலத்தீவு நமக்குப் புதிய நாடு அன்று. நம் வீட்டுச் சமையலில் மணக்கும் மாசி அங்கிருந்து வந்ததுதான். உலகம் சுற்றிய இப்னு பதூதா 1343ஆம் ஆண்டில் அங்கே இறங்கிக் காஜியாகப் பணியாற்றிவிட்டு, இலங்கை வழியாக நம்முடைய மஅபர் கரைக்கு வந்து சேர்ந்தார். அத்தீவு மக்களின் தூய்மையை அவர் வியந்து எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் நுழையுமுன் கால் கழுவ வாசலில் நீர்ச்சாடி வைத்திருந்ததையும் அவர் மறவாமல் குறித்திருக்கிறார்.

ஏறத்தாழ 1,200 தீவுகள் கொண்ட அந்நாட்டில் மக்கள் குடியிருப்பவை சற்றேறக்குறைய 200. முதல் சுற்றுலா விடுதி 1972ஆம் ஆண்டு குரும்பாவில் திறக்கப்பட்டது. அதிலிருந்து ஆளில்லாத தீவொன்றை ஒரு விடுதிக்கே குத்தகைக்கு விடும் வழக்கம் வேரூன்றியது.

நான் தங்கிய குடிலைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு மரத்தையும் வெட்டாமல், மரங்களுக்கு வழிவிட்டுச் சுவரை வளைத்துக் கட்டியிருந்தார்கள். குடிநீர் கண்ணாடிப் புட்டியில் வந்தது. பிளாஸ்டிக்கைக் கண்ணால் காண முடியவில்லை. சமையற்கட்டுக் கழிவு எருவாகித் தோட்டத்துக்குப் போயிற்று. செத்துக்கொண்டிருக்கும் பவளப் பாறைகளை மீண்டும் வளர்க்க ஒரு கடலியல் படித்த பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். வெளியே அலை, உள்ளே வெள்ளை விரிப்பு, தலைமாட்டில், ‘துவாலையை மறுமுறையும் பயன்படுத்தித் தண்ணீரைச் சேமியுங்கள்’ என்றோர் அட்டை. வாசலிலோ குடிலுக்கென்றே தனியாக ஒரு நீச்சல் குளம்! பத்தடி தள்ளிக் கடல் இருக்கிறது. இந்தக் குளம் எதற்கு என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். விடை மறுநாள் ஃபஜ்ரில் கிடைத்தது.

ஊழியர்களுக்கான பள்ளிவாசல் தீவின் பின்புறத்தில் இருந்தது. விருந்தினர் கால் படாத பகுதி அது. அங்கே போனபோதுதான் அலையோசையை மீறி ஓர் இரைச்சல் கேட்டது. டீசல் மின்னாக்கி! அதன் பக்கத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. தொழுகை முடிந்ததும் அதைக் கவனிக்கும் தம்பி என்னிடம் பேச்சுக் கொடுத்தார். மேலப்பாளையத்துப் பிள்ளை. தமிழ் கேட்ட மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் விளக்கினார்.

“மாமா, இந்தத் தீவுக்கு அடியில் நல்ல தண்ணீர் இருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஓர் ஆடைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. ஆனால் அதே கணக்கு திரும்பியும் வேலை செய்யும். மேலே ஓர் அடி இறைத்துவிட்டால், கீழே உப்புநீர் 40 அடி ஏறிவரும். சிரட்டையால் மொண்டால் ஆயுசு முழுக்க வரும். மோட்டார் வைத்தால் உப்பாகிவிடும். அதனால்தான் இந்த ஆலை. ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் தின்னும். மிஞ்சும் உப்புக் கரைசல் திரும்பக் கடலுக்கே போகும்.”

சிரட்டை என்று அவர் சொன்னதும் உம்மாவின் கை என் கண்முன் வந்து நின்றது.

அவர் மேலும் சொன்னார். 2004ஆம் ஆண்டின் சுனாமியில் பல தீவுகளின் கிணறுகள் உப்பேறிப் போயின. 2014 டிசம்பரில் தலைநகர் மாலேயின் குடிநீராலையில் தீப்பிடித்தபோது, ஊரே தாகத்தில் தவித்தது. நம் நாட்டு விமானங்களும் கப்பல்களும் தண்ணீர் சுமந்து போயின. தலைநகரின் குப்பையும் விடுதிகளின் குப்பையும் சென்று சேர்வதற்கென்றே 1992 முதல் திலாஃபுஷி என்ற இடத்தில் ஒரு தீவே உருவாக்கப்பட்டது. குடிலின் முன்பக்கத்தை விருந்தினர் காண்கிறார். அதன் பின்பக்கத்தை ஊழியர் சுமக்கிறார்!

இந்த நினைவுகளோடு மீஞ்சூர், பொன்னேரி வழியே பழவேற்காட்டுக்குப் பேருந்தேறினேன். வழி நெடுக எண்ணூரின் புகைபோக்கிகள் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன. ஒருகாலத்தில் அந்த எண்ணூரே உல்லாசபுரிதான். சென்னையின் வெள்ளைக்காரத் துரைமார்கள் கழிமுகத்தின் ஓரத்தில் மாளிகை கட்டிப் படகு விட்டுக் களித்த இடம் அது. துரைமார்கள் போனார்கள், மாளிகைகளும் போயின. 1970இல் அனல்மின் நிலையம் வந்தது. 2001இல் துறைமுகம் திறக்கப்பட்டது. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கடல் எண்ணெயாயிற்று. நம் இளைஞர்கள் வாளியால் அதை அள்ளினார்கள். 2023 டிசம்பர்ப் பெருமழையில் எண்ணெய்க் கழிவு கழிமுகத்துக்குள்ளேயே புகுந்து மீனவர் வீட்டுச் சுவர்களில் கறையேற்றியது. மீஞ்சூர்ப் பக்கத்தில் நகரத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் ஆண்டாண்டாக நிலத்தடி நீரை இறைத்ததில் கடல் உள்ளே நுழைந்தது. பின்னர் 2010இல், அதே கடலைக் குடிநீராக்க, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலையைக் காட்டுப்பள்ளியில் அமைத்தார்கள். அழகாக இருந்தது என்பதற்காக எண்ணூரை எவரும் காப்பாற்றவில்லை. அழகை அனுபவிக்க வந்தவர்களுக்கு ஊர் அழிந்தால் போக இன்னோர் ஊர் இருந்தது.

லாத்தாவின் வீட்டில் அந்தப் பெரியவர் காத்திருந்தார். பண்பான மனிதர். “துறைமுகமும் தொழிற்சாலையும் வந்தால் உங்கள் ஏரி என்னவாகும், பாய்? அதைவிட என் குடில்கள் எவ்வளவோ மேல் அல்லவா? பூநாரைகளைப் பார்க்க வருகிறவர்கள் பூநாரையைக் காப்பாற்றத்தானே விரும்புவார்கள்? உங்கள் சகோதரி முடையும் ஓலைப் பெட்டிகளை அங்கேயே விற்கலாமே!” என்றார். அவர் பேச்சில் நியாயமும் இருந்தது. பனையோலையில் பெட்டி முடைவது பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களின் பரம்பரைக் கைத்தொழில். லாத்தாவின் விரல்கள் அறுபது ஆண்டுகளாக அதைச் செய்து காய்த்துப் போனவை. கிடைத்த கூலியோ கைச்செலவுக்குக்கூடக் காணாது.

தாள்களைப் படித்துப் பார்த்தேன். பன்னிரண்டு குடில்கள், ஒவ்வொன்றுக்கும் குளியல் தொட்டி, பொதுவில் ஒரு நீச்சல் குளம், நான்கு ஆழ்துளைக் கிணறுகள்.

“சட்டம் இடம் கொடுக்குமா?” என்று கேட்டேன். கடலோரக் கட்டடங்களுக்கு 1991 முதல் விதிகள் இருக்கின்றன. 2011இலும் 2019இலும் அவை திருத்தப்பட்டன. ஏரியின் தமிழகப் பகுதியோ 1980 முதல் பறவைகள் சரணாலயம். கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்து என்ற சிறு தீவில் எழுந்த ஐம்பத்து நான்கு மாளிகைக் குடில்கள் கதை தெரியுமா என்றேன். வலை கட்டிப் பிழைத்த மீனவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்ன தீர்ப்பை உறுதிசெய்தது. 2022இல் தொடங்கி அத்தனையையும் இடித்துத் தள்ளினார்கள். “அனுமதியெல்லாம் வாங்கிவிடலாம், பாய், அது என் பொறுப்பு” என்று அவர் புன்னகைத்தார்.

அவர் போனபின், லாத்தாவிடம் என் மாலத்தீவு அறிவையெல்லாம் கொட்டினேன். ஓர் அடி, நாற்பது அடி என்று விளக்கினேன். ஓடும் நதிக்கரையிலேயே இருந்தாலும் ஒளுச் செய்யும் நீரை விரயமாக்காதே என்ற நபிகளாரின் போதனையையும் எடுத்துக் காட்டினேன். லாத்தா பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“நல்லாப் பேசுறே தம்பி. உனக்கு ஓய்வூதியம் வருது. வாசலுக்கு லாரியில் தண்ணி வருது. குடிலில் படுத்து, அந்தத் தொட்டியில் குளிச்சிட்டு வந்தவன் நீ. என் கூரை ஒழுகுது. பேத்தி செவிலியர் படிப்புக்குச் சேர்ந்திருக்கா. ஆனி மாதம் பணம் கட்டணும். ஊற்றைக் காவல் காக்கிற வேலை எனக்கு மட்டும்தானா?”

நான் வாயடைத்துப் போனேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. இன்னோர் உண்மையையும் அவர் சொல்லாமல் விட்டார். அதை நான் சொல்லியாக வேண்டும். மார்க்கச் சட்டப்படி அந்த நிலத்தில் எனக்கு இரண்டு பங்கு, லாத்தாவுக்கு ஒரு பங்கு. இத்தனை ஆண்டுகளாகப் பனைக்கு வேலியிட்டதும், ஊற்றில் சரிந்த மணலை வாரியதும் லாத்தா. நான் ஒரு நாளும் ஒரு கூடை மணல் எடுத்ததில்லை. விற்றால் எனக்குத்தான் அதிக லாபம். விற்க வேண்டாம் என்று நான் உபதேசித்தால் அவருக்குத்தான் அதிக நஷ்டம். செலவில்லாத நல்லெண்ணத்தை என்னவென்று சொல்வது? அந்த விடுதியில் தலைமாட்டில் இருந்த அட்டைக்கும் என் உபதேசத்துக்கும் என்ன வேற்றுமை?

அன்றிரவு அங்கேயே தங்கினேன். தூக்கம் வரவில்லை. சுபுஹுக்குப் பின் லாத்தாவிடம் இரண்டு காரியங்களைச் சொன்னேன். ஒன்று, என் இரண்டு பங்கையும் அவருக்கே ஹிபாவாக எழுதித் தருகிறேன். விற்பதும் வைத்திருப்பதும் அவர் விருப்பம். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இரண்டு, பேத்தியின் படிப்புச் செலவு என்னுடையது. அவர் எந்த முடிவெடுத்தாலும் அது மாறாது. கல்மண்டபத்து வீட்டின் மாடியில் ஓர் அறை எழுப்ப வைத்திருந்த தொகை அது. இல்லாளின் முகம் சற்றுக் கோணியது, ஆனால் மறுக்கவில்லை.

லாத்தா உடனே எந்த முடிவும் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் அடுத்த வாரம் வந்தபோது என்ன கேட்டார் என்பதை அவரே தொலைபேசியில் சொன்னார்:

“கிணறு தோண்டாமல் கட்ட முடியுமா என்று கேட்டேன், தம்பி. மழைத் தண்ணியைச் சேர்த்துக்கட்டும், படகில் கொண்டுவரட்டும், ஊற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. குளத்துக்குப் பதிலாகக் கடல் இருக்கே, அதில் குளிக்கட்டுமே! இந்த நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதினால் இடத்தைக் குத்தகைக்குத் தருகிறேன், விற்கமாட்டேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போனார்.”

அவர் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார் போலும். வந்தால் வரட்டும். அந்த நிபந்தனைக்கு உட்பட்டு எழும் குடில் எதுவோ, அதுதான் இயற்கையைக் கெடுக்காத குடில் என்று ஒப்புக்கொள்ளத் தடையில்லை.

என் ஊரின் பெயரை இப்போது அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். கல்மண்டபம்! வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்க, யாரோ ஒரு புண்ணியவான் கல்லில் எழுப்பியது மண்டபம். தங்கியவன் எழுந்து போகும்போது, அடுத்தவனுக்கு நிழல் அப்படியே மிச்சம் இருக்கும். நாமும் இவ்வுலகில் வழிப்போக்கர்களே. தங்கிப் போகும் இடத்தின் நிழலையும் நீரையும் அடுத்து வருபவனுக்கு விட்டுச் செல்ல நாம் கடமைப்பட்டவர்கள். அந்தக் கடமையை ஏழையின் தலையில் மட்டும் ஏற்றிவிடாமல், அதன் செலவில் நம் பங்கையும் செலுத்தவேண்டும் என்பது என் லாத்தா எனக்குக் கற்பித்த பாடம்.

ஆனி மாதப் பணத்தைக் கட்டிவிட்டேன். மாடியறை இல்லை. ஊற்று இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.