சுக்கான் பிடிக்கிறவன்

போன மாசம் அரூர் போயிருந்தப்ப அம்மா கேட்டாங்க, "ஆபீஸ்ல அப்படி என்னதான்டா பண்ற?"

"குபர்னெட்டீஸ்மா."

"குபேரனா? அப்புறம் ஏன்டா மாசக் கடைசியில காசில்லைங்கற?"

ஹ்ம்ம்... விளக்கினேன். 2014-ல் கூகிள் வெளியிட்ட மென்பொருள். எந்த நிரல் எந்தக் கணினியில் ஓடணும், ஒண்ணு விழுந்தா எதைத் தூக்கி நிறுத்தணும்னு பார்த்துக்கும். பேர் கிரேக்கம், கப்பலில் சுக்கான் பிடிக்கிறவன். 'கவர்னர்' கூட லத்தீன் வழியா வந்த அதே சொல்தான். அம்மாவுக்குத் தெரிஞ்ச ஒரே கப்பல்காரர் ஒகேனக்கல் பரிசல்காரர். பரிசலுக்கு சுக்கானே கிடையாது, முன்பக்கம் பின்பக்கமும் கிடையாது :)

தமிழில் இவனுக்கு என்ன பேர்? அகநானூற்றில் 'நீகான்'. ராத்திரி மாடத்து விளக்கைப் பார்த்துத் துறையை அடையாளம் கண்டு கப்பலைச் செலுத்துகிறான். மீகாமன் என்றும் உண்டு. மாலுமி அரபியிலிருந்து வந்தது: 'முஅல்லிம்', அதாவது ஆசிரியர். வழி தெரிஞ்சவர்தானே கப்பலுக்கு வாத்தியார்! சுக்கானும் அரபிதான். இப்போ கப்பலில் வேலை பார்க்கிற எல்லாருமே மாலுமி ஆகிட்டாங்க.

தமிழ் பைபிளிலும் மாலுமிதான். அப்போஸ்தலர் நடபடிகள் 27-ம் அதிகாரம். கைதியாக ரோமுக்குப் போகும் பவுல், குளிர்காலம் நெருங்குது, இனி பயணம் ஆபத்துன்னு கிரேத்தா தீவில் வைத்தே சொல்கிறார். காவலுக்கு வந்த அதிகாரி அதைவிட மாலுமியையும் கப்பல் முதலாளியையும் நம்பினார். நியாயம்தானே, கைதி பேச்சை யார் கேட்பாங்க? பதினாலு நாள் புயல். மால்டா கரையில் கப்பல் உடைந்தது. இருந்த 276 பேரும் பிழைத்தார்கள், அதுவரை சந்தோஷம்.

இதே சொல்லின் வேரிலிருந்து வந்த இன்னொன்று 1 கொரிந்தியர் 12-ல் வருகிறது. தமிழில் அதை 'ஆளுகை' ஆக்கியிருக்காங்க. சுக்கான் காணாமல் போய் அதிகாரம் மட்டும் மிச்சம்.

இதையெல்லாம் தேடினதுக்குக் காரணம் உண்டு. எங்க டீமில் சேர்ந்து எட்டு மாசமே ஆன பொண்ணு, "அண்ணா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த மாற்றம் வேணாமே" என்றது. "நான் பாத்துக்கறேன்மா"ன்னேன். மேனேஜரும் என்னைத்தான் நம்பினார். ஞாயித்துக்கிழமை விடியற வரைக்கும் எதுவும் எழுந்திருக்கலை.

பவுலே புயலுக்கு நடுவில் எழுந்து நின்று, அப்பவே என் பேச்சைக் கேட்டிருக்கணும்னு சொல்லிக் காட்டினார். இந்தப் பொண்ணு அதைக்கூடச் சொல்லலை. திங்கட்கிழமை காலையில் லாக் ஃபைலை மட்டும் அனுப்பி வெச்சிருந்துச்சு.