கரடியும் கணக்கும் ஒரு .44 ரிவால்வரும்

பி.காம் படிக்கிறவனுக்கும் ரிவால்வருக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். கணக்குதான் சம்பந்தம். அலாஸ்காவில் ஆங்கரேஜில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன் (கிரீன் கார்டு வாங்கிப் பல வருஷம் ஆகிறது) ஒரு பெரிய ரிவால்வர் வாங்குவது என்று முடிவு செய்தார். எது வாங்கலாம், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. "நீதானடா காஸ்ட்டிங் படிக்கிற, பார்த்துச் சொல்லு" என்றார். இரண்டு மாதம் தோண்டியதில் தேவைக்கு மேலேயே சேர்ந்துவிட்டது. வகுப்பில் யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், அதனால் இங்கே கொட்டுகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நம்மூரில் நடக்கிற சமாச்சாரம் இல்லை. இங்கே 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கிடைத்தாலும் சாதாரண ஆளுக்குக் கிடைக்கிற ரிவால்வர் பெரும்பாலும் .32தான். .38, .455 எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம். அமெரிக்காவிலும் மாணவர் விசாவில் போனவர்கள் நினைத்தால் வாங்கிவிட முடியாது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. அண்ணன் நிரந்தரவாசி என்பதால் அவருக்கு வழி இருந்தது.

அவருக்கு எதற்கு? மீன். ஆங்கரேஜிலிருந்து தெற்கே நூறு மைல் போனால் ரஷ்யன் ஆறு கீனாய் ஆற்றோடு சேருகிற இடம் வருகிறது. கோடையில் சால்மன் மீன் ஏறி வரும்போது ஊரே அங்கே தூண்டிலோடு நிற்கும். மீனுக்கு ஆசைப்படுவது மனுஷன் மட்டும் இல்லை, பழுப்புக் கரடிகளும் வரும். போன கோடையில் குட்டிகளோடு ஒரு தாய்க்கரடி இருபது மீட்டரில் புதரை விலக்கிக்கொண்டு வந்திருக்கிறது. பிடித்த மீனை அப்படியே போட்டுவிட்டு மெதுவாகப் பின்வாங்கியிருக்கிறார். கரடி மீனைப் பார்த்தது, இவரை விட்டது. அதற்கப்புறம் அவர் தூங்க ஒரு வாரம் ஆனதாம்.

இருபது மீட்டர் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழுப்புக் கரடி மணிக்கு 55 கிலோமீட்டர் வரை ஓடும், அதாவது நொடிக்குச் சுமார் 15 மீட்டர். மொத்தம் ஒன்றேகால் நொடிதான் இருக்கிறது. உறையிலிருந்து எடுக்க, நீட்ட, சுட எல்லாவற்றுக்கும் சேர்த்து! இந்த ஒன்றேகால் நொடியை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் அவரிடம் முதலில் சொன்னது துப்பாக்கியே இல்லை, ஸ்ப்ரே. மிளகாய்க் காரம் கலந்த கரடி ஸ்ப்ரே. டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் மற்றவர்களும் சேர்ந்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த 83 சம்பவங்களை எடுத்துப் பார்த்தார்கள். பழுப்புக் கரடிகளிடம் ஸ்ப்ரே 92 சதவீதம் வேலை செய்திருக்கிறது. 2012-ல் துப்பாக்கி பற்றி ஒரு ஆய்வு வந்தது. அதில் கைத்துப்பாக்கி 84 சதவீதம். அதே ஆய்வில், துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயம்படுவதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்றும் இருக்கிறது. இரண்டு ஆய்வின் சம்பவங்களும் வேறு வேறு என்பதால் 92-ஐயும் 84-ஐயும் நேராக ஒப்பிடக்கூடாது. ஆனாலும் இடுப்பில் ஸ்ப்ரே இல்லாமல் மார்பில் ரிவால்வர் மட்டும் கட்டிக்கொண்டு போவதில் அர்த்தம் இல்லை என்பது என் கட்சி. அண்ணன் ஒத்துக்கொண்டார். "காத்து எதிர்ல அடிச்சா என்னடா பண்றது?" என்ற ஒரு கேள்விக்குத்தான் ரிவால்வர்.

சரி, ரிவால்வரில் ஏன் டபுள் ஆக்‌ஷன்? கவ்பாய் படங்களில் வருவது சிங்கிள் ஆக்‌ஷன். ஒவ்வொரு முறையும் ஹாமர் என்கிற சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துவைத்தால்தான் சுடும். டபுள் ஆக்‌ஷனில் விசையை ஒரே இழுப்பாக இழுத்தால் போதும். சுத்தி பின்னால் போகும், சிலிண்டர் ஒரு அறை திரும்பும், சுத்தி விழும். ஒன்றேகால் நொடியில் கட்டைவிரலுக்கு வேலை கொடுக்க முடியாது. அதோடு, கரடி மேலேயே விழுந்துவிட்டால் துப்பாக்கியை அதன் உடம்போடு அழுத்திச் சுட வேண்டி வரலாம். ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் அப்படி அழுத்தினால் ஸ்லைடு பின்னால் நகர்ந்து சுடாமல் போக வாய்ப்பு உண்டு. ரிவால்வரில் அந்தத் தொல்லை இல்லை. (இப்போது அலாஸ்காவில் நிறையப் பேர் 10 எம்.எம் கிளாக் 20-க்கு மாறிவிட்டார்கள். அதில் பதினைந்து தோட்டா பிடிக்கும். அது தனிச் சண்டை, இன்று வேண்டாம்.)

இதற்குக் கொடுக்கிற விலை, விசையின் கனம். டபுள் ஆக்‌ஷனில் இழுக்க நாலரை முதல் ஐந்தரை கிலோ விசை வேண்டியிருக்கும். பழகாத கையில் அந்த இழுப்பிலேயே குழல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

அடுத்தது காலிபர். இங்கேதான் அண்ணனுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம்.

"டேய், ஸ்மித் அண்ட் வெஸன் 500-னு ஒண்ணு இருக்காம். அதையே வாங்கிடலாமா?"

"அண்ணே, அது ரெண்டு கிலோண்ணே. மீன் பிடிக்கப் போறீங்களா, வெயிட் லிஃப்டிங் போறீங்களா?"

2003-ல் வந்த அந்த 500 மாடலில் ஐந்து தோட்டாதான். குட்டைக் குழல் உள்ளதே ஒன்றரைக் கிலோவுக்கு மேல், நீளமானது இரண்டு கிலோவைத் தொடும். பலம் பயங்கரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சுட்டதும் குழல் வானத்தைப் பார்க்கும். அது இறங்கி வந்து மறுபடி குறி பார்ப்பதற்குள் ஒன்றேகால் நொடி முடிந்துபோகும். ஓடி வருகிற மிருகத்தின் மேல் முதல் குண்டு சரியான இடத்தில் படும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் வாங்குகிற ஆள் கேட்க வேண்டியது 'என் இரண்டாவது குண்டு எவ்வளவு சீக்கிரம் போகும்' என்பதுதான். எத்தனை பெரிய குண்டு என்பது அதற்கு அப்புறம்.

அப்படிப் பார்த்தால் .44 மேக்னம் வந்து நிற்கிறது. எல்மர் கீத் என்கிற மனுஷர் .44 ஸ்பெஷல் தோட்டாவில் மருந்தை ஏற்றி ஏற்றிப் பார்த்ததன் விளைவாக 1950-களின் நடுவில் பிறந்தது. இதற்கான ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வருக்குத்தான் பின்னால் மாடல் 29 என்று பெயர் வந்தது. 1971-ல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதை நீட்டியதும் கடைகளில் கிராக்கி ஏறிவிட்டது. பெயர்தான் .44, குண்டின் உண்மையான விட்டம் .429 அங்குலம். சட்டைக்கு 42 சைஸ் என்று போட்டிருப்பார்களே, அந்த மாதிரிதான் :)

.44 மேக்னத்தில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. .44 ஸ்பெஷல் தோட்டாவும் அதே ரிவால்வரில் போகும். கூடு கொஞ்சம் குட்டை, உதை பாதி கூட இல்லை. பழகுவதற்கு அது, ஆற்றுக்குப் போகும்போது மேக்னம். .44 ஸ்பெஷலுக்கென்று செய்த துப்பாக்கியில் மேக்னம் போகாது, போகவும் கூடாது.

துப்பாக்கியின் எடையைப் பலர் தப்பாகப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். தூக்கச் சுலபம் என்று லேசானதைத் தேடுகிறார்கள். ஸ்கேண்டியம் கலந்த 329பிடி சுமார் 700 கிராம்தான். ரூகர் ரெட்ஹாக் 4.2 அங்குலக் குழலோடு 1.3 கிலோ சொச்சம். ஒரே தோட்டாவை இரண்டிலும் சுட்டால், எடை பாதியான இடத்தில் கைக்கு வரும் உதையின் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பிளஸ் டூ பிசிக்ஸ்தான். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. லேசான துப்பாக்கியின் உதையில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு கூட்டிலிருந்து மெல்ல முன்னால் நழுவி வரும். ஒரு கட்டத்தில் சிலிண்டருக்கு வெளியே எட்டிப் பார்த்து, சுழலவே விடாமல் பூட்டிவிடும். அதனால் எந்தப் பெட்டித் தோட்டா வாங்கினாலும், ஐந்தைச் சுட்டுவிட்டு ஆறாவதை வெளியே எடுத்து அதன் நீளத்தை அளந்து பார்க்க வேண்டும்.

அண்ணன் ஒரு ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைக்கு லேசான ஒன்றை எடுத்து ஆறு தோட்டா சுட்டார். அன்று இரவு போனை இடது கையில் பிடித்துக்கொண்டு பேசினார். ரெட்ஹாக் பக்கம் மனசு திரும்பியது அன்றுதான்.

இப்போது என் ஏரியா. துப்பாக்கி விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். அது ஒரு தடவைச் செலவு. .44 மேக்னம் தோட்டா ஒன்று ஒரு டாலருக்கு மேல். ஒழுங்காகப் பழக வருஷத்துக்கு ஆயிரம் தோட்டா என்றால், ஒவ்வொரு வருஷமும் இன்னொரு துப்பாக்கி வாங்குகிற செலவு! .500 என்றால் தோட்டா விலை அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. காசு கரைகிறதே என்று பழகாமல் விட்டுவிடுவார்கள், பெரிய காலிபரின் உண்மையான நஷ்டம் அதுதான். .44 ஸ்பெஷல் கடையில் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள், அதுவும் கிட்டத்தட்ட அதே விலை. வழி என்னவென்றால் கூட்டைத் திரும்ப நிரப்புவது. பித்தளைக் கூடு முதலீடு. குண்டும் மருந்தும் கேப்பும் நடைமுறைச் செலவு. ரிவால்வர் கூட்டைத் தூக்கி எறியாமல் சிலிண்டருக்குள்ளேயே வைத்திருப்பதால் முதலீடு புல்லில் தொலைவதில்லை. இதைவிட மலிவானது காலித் துப்பாக்கியில் விசை பழகுவது. தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்க, குழலின் முனையில் ஒரு நாணயத்தை நிற்கவைத்து, அது விழாமல் இழுத்துப் பழக வேண்டும். அண்ணன் தினமும் ஐம்பது இழுப்பு. செலவு பூஜ்யம்.

பராமரிப்புக்கு வருவோம். ரிவால்வர் என்றால் கவனிக்கவே வேண்டாம், எப்போதும் சுடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பாதிதான் உண்மை. அழுக்கைத் தாங்கும், ஆனால் அழுக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிலிண்டரின் பின்பக்கம் நட்சத்திரம் மாதிரி ஒரு துண்டு இருக்கும், கூட்டை வெளியே தள்ளுகிற எக்ஸ்ட்ராக்டர். அதன் அடியில் எரியாத மருந்துத் துகள் ஒன்றே ஒன்று சிக்கினால் போதும், சிலிண்டர் மூடாது, அல்லது மூடினாலும் உரசி நிற்கும். அதனால் கூட்டைத் தள்ளும்போது குழலை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, உள்ளங்கையால் கம்பியை ஒரே அடியாக அடிக்க வேண்டும். துகள் கீழே கொட்டிவிடும். குழலைக் கீழே பார்க்க வைத்து மெதுவாகத் தள்ளினால் துகள் நேராக நட்சத்திரத்துக்கு அடியில்தான் போய் உட்காரும். சுத்தம் செய்யும்போது பழைய டூத் பிரஷ்ஷால் முதலில் தேய்க்க வேண்டிய இடமும் அதுவே.

அந்தக் கம்பி மரையில் கழன்று வந்தால் சிலிண்டர் திறக்கவே திறக்காது. விரலால் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய ஸ்மித் அண்ட் வெஸன்களில் அது இடதுமரை, வழக்கம்போலத் திருகினால் இறுக்குவதற்குப் பதில் கழற்றிவிடுவீர்கள்.

.44 ஸ்பெஷல் நிறையச் சுட்டால் ஒவ்வொரு அறையிலும் கூட்டின் முனை முடிகிற இடத்தில் கரி வளையம் படியும். அப்புறம் நீளமான மேக்னத்தைப் போட்டால் இறுகிக்கொள்ளும். வெண்கல பிரஷ்ஷும் சால்வென்ட்டும் போட்டு அந்த வளையம் போகும்வரை தேய்க்க வேண்டும். அறைக்குள் எண்ணெய் விட்டு ஊறவைக்கக் கூடாது, கீல் பக்கமும் கம்பியிலும் ஒரு சொட்டு போதும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அந்த அழுக்கில் ஈயம் இருக்கிறது.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். நம்மூர் டூவீலர் மெக்கானிக் பிளக் கேப் பார்ப்பாரே, அதே ஃபீலர் கேஜ்தான். சுடும்போது சூடான வாயு அந்த இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் பீறிடும், விரல் அங்கே இருந்தால் போச்சு. அப்புறம், காலித் துப்பாக்கியில் சிலிண்டரை ஒரு விரலால் லேசாகத் தடுத்துக்கொண்டு சுத்தியை மெல்ல இழுத்தால், அது முழுசாகப் பின்னால் போவதற்குள் 'டிக்' என்று சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டவில்லையா, சுடுவதை நிறுத்திவிட்டு கன்ஸ்மித்திடம் போக வேண்டும். சினிமா ஹீரோ மாதிரி மணிக்கட்டைச் சுண்டிச் சிலிண்டரை மூடுகிறவர்களுக்கு இந்த வியாதி சீக்கிரம் வரும். அதைத் தாங்குகிற கை வளைந்துவிடும்.

ரெட்ஹாக்கில் பக்கத் தகடு கிடையாது, விசைப் பகுதி மொத்தமும் கீழ்ப்பக்கமாகக் கழன்று வரும். வீட்டிலேயே பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு அது வசதி. ஸ்மித் அண்ட் வெஸனில் தகடு உண்டு. அதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஓரம் நாசம். ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு மரப்பிடியால் சட்டத்தைத் தட்டித் தட்டித்தான் தகட்டை எழும்ப வைப்பார்கள்.

ஸ்டெயின்லெஸ் என்றாலும் துரு வரும். மழையில் நனைந்த தோல் உறையில் அப்படியே வைத்தால் ஒரே வாரத்தில் புள்ளி விழும். அண்ணன் வாங்கியது நைலான் மார்பு உறை. ஆற்றிலிருந்து வந்ததும் உறையை ஒரு பக்கமும் துப்பாக்கியை ஒரு பக்கமும் காயவைக்கிறார்.

அண்ணி இதில் எதற்கும் குறுக்கே வரவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. வீட்டில் ஆறு வயசுப் பையன் இருக்கிறான், சுவரில் போல்ட் போட்ட இரும்புப் பெட்டி வந்தபிறகுதான் அது வாசல்படி ஏற வேண்டும், தோட்டாவுக்கு வேறு அலமாரி, வேறு சாவி. பெட்டி வந்து சேர நாளாகிவிட்டது. பணம் கட்டி, பேக்ரவுண்டு செக் எல்லாம் முடிந்த ரெட்ஹாக் பதினோரு நாள் கடையிலேயே இருந்தது.