நாற்காலியில் உட்காரும் முன் நாலு வார்த்தை

சலூன் நாற்காலியில் சாய்ந்ததும் கண்ணை மூடிக்கொள்பவர்கள் நம் ஊரில் அதிகம். 'எப்பவும்போல' என்று ஒரு சொல்லோடு தலையை ஒப்படைத்துவிடுவார்கள். எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். தப்பு கடைக்காரருடையதா? ஊர்ச் சலூனுக்குப் போகிறவருக்கு முதலில் வேண்டியது வாய்.

நீங்கள் சொல்லும் 'மீடியம்' வேறு, அவர் நினைக்கும் 'மீடியம்' வேறு. மிஷின் போடச் சொன்னால் நம்பரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றாம் நம்பர் சுமார் 3 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். இரண்டாம் நம்பர் 6 மில்லிமீட்டர். கிருதா எங்கே நிற்க வேண்டும், பின்கழுத்தில் வட்டமா சதுரமா என்பதெல்லாம் கத்தரி படுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை. எண்ணெய் வழியும் தலையோடு போகாதீர்கள். மிஷின் பல்லில் முடி அப்பிக்கொண்டு அவர் படும் பாடு பாவம்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாடைக்குக் கீழே மரு இருந்தால் நுரை பூசியதும் மறைந்துவிடும், கத்திக்கு அது தெரியாது. சர்க்கரைக்காரர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் கை இன்னும் நிதானமாக இறங்கும்.

அந்தக் காலத்தில் ஒரே கத்தியைத் தோல்வாரில் தீட்டித் தீட்டி ஊரார் கன்னமெல்லாம் இழுத்தார்கள். இன்று பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகுகிறார்கள். உறை பிரிவதை உங்கள் கண்ணால் பாருங்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் தொற்றும் வீரியத்தோடு இருக்கும், கறையே தெரியாத பிளேடிலும் இருக்கலாம். பலர் கவனிக்காதது படிகாரக் கட்டி. முந்தைய ஆளின் கீறலில் தேய்த்த அதே கட்டிதான் உங்கள் கீறலுக்கும் வரும். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். துண்டை வீட்டிலிருந்தே கொண்டுபோனாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பார்களே, அது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்தால், அங்கே ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரை போகலாம். அபூர்வமாக நடப்பதுதான், என்றாலும் அந்தச் சொடக்குச் சத்தத்துக்காக ஏன்? தலையில் தட்டட்டும், தோளைப் பிடித்துவிடட்டும். 'கழுத்து மட்டும் வேண்டாம்ணே' என்றால் போதும்.

அந்த 'அண்ணே'யை விட்டுவிடாதீர்கள். நான் வளர்ந்த காலத்தில் நரைத்த தலையோடு வேலை செய்த மனிதரை மீசை முளைக்காத பையன்கள் 'வா, போ' என்றார்கள். அறுப்பு முடிந்ததும் களத்தில் அளந்து போடும் நெல்தான் அவருக்குக் கூலி. கட்டி வந்தால் மருந்து போட்டவர் அவர். பிரசவம் பார்த்தவர்கள் அவர் வீட்டுப் பெண்கள். அப்படியும் திண்ணையில் உட்காரச் சொன்ன வீடுகள் குறைவு. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தலித்துகளுக்கு முடிவெட்டக் கூடாதென்று ஊர்ப் பெரியவர்கள் கடைக்காரரைக் கட்டுப்படுத்திய கிராமங்கள் பல. இன்றும் அப்படிச் செய்தி வரத்தான் செய்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நீங்கள் போகும் கடையிலிருந்து ஒருவரைச் சாதி பார்த்துத் திருப்பியனுப்பினால், பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொள்ளாதீர்கள். அங்கேயும் வாய் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காது. ஞாயிறு காலையிலும் தீபாவளிக்கு முந்தின நாட்களிலும் அவசரக் கைதான் கிடைக்கும். புதன், வியாழன் மத்தியானம் போனால் நிதானமாக வெட்டுவார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் கத்தரி பக்கமே வராத கார்த்திகையில் இன்னும் நிதானம்.

எப்படியும் கொஞ்ச நேரம் பெஞ்சில் காத்திருக்க நேரும். பெரும்பாலான கடைகளில் பக்கம் பக்கமாகப் பிரிந்த தினத்தந்திதான் துணை. தூத்துக்குடியில் பொன் மாரியப்பன் தன் சலூனுக்குள் ஒரு நூலகமே வைத்திருக்கிறார். 2020 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையில் அவரோடு பேசியதும் இதற்காகத்தான். அவர் கடையில் புத்தகம் படிக்கிறவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை. செல்போனைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் முழுசாகக் கொடுக்க வேண்டியதுதான்.