பின்வரிசையை முன்னால் அழைத்தவருக்கு

மதிப்பிற்குரிய பதினான்காம் இமாய்சுமி இமாயெமோன் அவர்களுக்கு,

உங்கள் மொழி எனக்குத் தெரியாது. மண்ணைப் பிசைந்து பழகிய கையும் இல்லை. பீங்கான் பாண்டங்கள் முன்னால் நெடுநேரம் நின்றுவிடும் பழக்கம் மட்டும் உண்டு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

'மரபையும் நவீனத்தையும் இணைத்தவர்' என்பது பத்திரிகைகளில் தேய்ந்துபோன பாராட்டு. பழைய பூவைப் புது வடிவக் கோப்பையில் ஏற்றிவிட்டாலே அந்தப் பட்டம் கிடைத்துவிடுகிறது. நீங்கள் செய்தது வேறு. தலைமுறை தலைமுறையாகப் பின்வரிசையில் நின்ற ஒரு நுட்பத்தை அழைத்து முன்னால் உட்காரவைத்தீர்கள். என் நன்றி அதற்குத்தான்.

அந்த நுட்பமான சுமிஹாஜிகி பற்றி உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை. இதை வாசிக்கும் தமிழர்களுக்காகச் சொல்கிறேன். ஒருமுறை சூளை கண்ட வெள்ளைப் பாண்டத்தில் எழுதுமையால் வடிவம் வரைகிறார்கள். அதன்மேல் கோபால்ட் நீலம் பூசினால், மையில் உள்ள பசை நீலத்தை ஒட்டவிடாது. மறுபடி சூடேற்றும்போது மை எரிந்துபோகும். அது இருந்த இடம் வெள்ளைக் கோடாக நிற்கும். பத்திக் துணியில் மெழுகு பார்க்கும் வேலைதான். அதற்குப் பிறகுதான் கண்ணாடிப் பூச்சு, சுமார் 1300 பாகைச் சூடு, வண்ணம், மறுபடியும் சூளை.

ஜப்பானின் சாகா பகுதியை ஆண்ட நபேஷிமா பிரபுக்கள், நாட்டை ஆண்ட ஷோகனுக்குக் காணிக்கை அனுப்பச் செய்வித்த பாண்டங்களில் இந்த நுட்பம் உண்டு. ஆனால் பூவும் கொடியும் தூரிகையால் வரையப்பட்டு நடுவில் நிற்கும். சுமிஹாஜிகி பெரும்பாலும் அவற்றின் பின்புலத்தை நிரப்பும். ரசிப்பவர் கண் அங்கே போகாது. உழைப்பு என்னவோ அங்கேதான் அதிகம்.

அந்த அரண்மனைப் பாண்டங்களுக்கு வண்ணம் தீட்டியது ஆரிட்டா ஊரில் உங்கள் குடும்பம். 1871இல் சமஸ்தானங்கள் ஒழிக்கப்பட்டபோது ஆதரித்த கை போயிற்று. பத்தாம் இமாயெமோன் சொந்தச் சூளை வைத்து வேலையைக் காப்பாற்றினார். உங்கள் தந்தை, பதின்மூன்றாமவர், நீலத்தைத் தெளித்துப் பரப்பும் முறையைத் தன் வழியாக்கினார். நீங்களோ பல்கலைக்கழகத்தில் படித்தது உலோக வேலை. பிறகு கியோட்டோவில் சுசுகி ஒசாமுவிடம் பயிற்சி. 1948இல் சோதெய்ஷா குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். பாண்டம் என்றால் எதையாவது கொள்ள வேண்டும் என்ற விதியையே உதறிய குழு அது. அப்படிப்பட்டவரிடம் கற்றுவிட்டு ஊர் திரும்பி, 2002இல் பதினான்காம் பெயரை ஏற்றுக் கிண்ணமும் சாடியும்தான் செய்கிறீர்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது.

கண்காட்சி ஒன்றில் உங்கள் சாடியொன்றைப் பார்த்தேன். கருஞ்சாம்பல் பரப்பு முழுக்கப் பனிப்பூக்கள். குனிந்து கோட்டின் ஓரத்தைப் பார்த்தேன். வெள்ளை வண்ணம் தீட்டியிருந்தால் கோடு மேலே துருத்தும். இங்கே அது அடியில் கிடந்தது: பாண்டத்தின் சொந்த வெள்ளை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வடிவங்களில் சில பளிச்சென்றும் சில மங்கியும் தெரிந்தன. நடுநடுவே பிளாட்டினம் மினுங்கியது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நின்றுவிட்ட பழைய நபேஷிமாவில் பிளாட்டினத்துக்கு இடமில்லை.

பனிப்பூவைப் பார்த்ததும் புதுமை என்றுதான் தோன்றும். அதுவும் பழையதே. கோகா பகுதியை ஆண்ட தோய் தொஷித்சுரா நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த பனிப்படிக வடிவங்கள் 86, 1832இல் புத்தகமாக வந்தன. கிமோனோக்களிலும் அந்த வடிவம் ஏறியது. ஆக, உங்கள் சாடியில் மிக நவீனமாகத் தெரிவது ஒரு பிரபு உருப்பெருக்கிப் பார்த்துத் தந்த மரபு.

2014இல், 51 வயதில், ஜப்பான் அரசு உங்களை 'வாழும் தேசியச் செல்வம்' ஆக்கியது. தந்தைக்கும் அதே பட்டம் இருந்தது. பட்டத்தை விட, அந்த வெள்ளைக் கோட்டுக்கு நீங்கள் தந்த மரியாதையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கியூஷு தீவுப் பக்கம் போக வாய்த்தால் ஆரிட்டாவில் இமாயெமோன் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பழைய நபேஷிமா தட்டுகளில் பூவை விட்டுவிட்டு முதலில் பின்புலத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு இவருடைய சாடிகளிடம் வாருங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் ரசிகன்