கற்பாறையும் கற்பாரும்

கல்லில் எழுதிய எழுத்து அழியாது என்பர். ஆனால் அழியாதிருத்தல் வேறு, அறியப்படுதல் வேறு. ஈரான் நாட்டின் நக்ஷே ரோஸ்தம் குன்றின்முன் நின்றபோதுதான் இவ்வேறுபாட்டை நான் நன்குணர்ந்தேன்.

பெர்சிபோலிஸ் நகரின் இடிபாடுகளுக்கு அண்மையில் அச்செங்குத்துப் பாறை எழுந்து நிற்கின்றது. அதன் உயரத்தில், சிலுவை வடிவ முகப்புடன் குடையப்பட்ட நான்கு அரச கல்லறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, கி.மு. 486இல் மறைந்த முதலாம் தாரியஸ் மன்னனுடையது. ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின்வந்த சாசானிய மன்னர்கள், அக்கல்லறைகளின்கீழ்த் தம் வெற்றிகளைப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்குவித்தனர். கி.பி. 260இல் சிறைப்பட்ட ரோமப் பேரரசன் வலேரியனின் கையை, குதிரைமீதமர்ந்த முதலாம் ஷாப்பூர் பற்றியிருக்கும் காட்சி அங்குண்டு. இரண்டாம் பஹ்ராமோ, முன்பே அங்கிருந்த ஈலாமியச் சிற்பத்தை அழித்து, அவ்விடத்தில் தன்னையும் தன் அவையோரையும் பொறித்துக்கொண்டான். பழைய சிற்பத்தில் ஓரத்து உருவம் ஒன்றே இன்று தெளிவாகத் தெரிகின்றது.

இத்துணை முயற்சியும் பெயர் நிலைபெறும் பொருட்டே. ஆயினும் நிகழ்ந்தது யாது? ஆப்பெழுத்தைப் படிப்பார் அற்றுப்போயினர். பிற்கால மக்கள் அவ்வுருவங்களைக் காவிய வீரன் ரோஸ்தமுடையவை என எண்ணினர். 'ரோஸ்தமின் சித்திரம்' என்பதே இன்றளவும் அவ்விடத்தின் பெயர். பேரரசர்களின் பெயரைப் பாறை காத்தது. மக்களின் நா மறந்தது.

மறந்த பெயரை மீட்டவர் யாவர்? 1765இல் கார்ஸ்டன் நீபூர் என்னும் பயணி இப்பகுதியின் கல்வெட்டுகளைப் படியெடுத்தார். சாசானியக் கல்வெட்டுகளில் கிரேக்க மொழியும் உடனிருந்தமையால், பிரெஞ்சு அறிஞர் சில்வெஸ்டர் த சாசி அவற்றைப் படித்தறிந்தார். 'இன்னான், அரசர்க்கரசன், இன்னான் மகன்' என எழுதும் மரபு புலனாயிற்று. 1802இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், கிரோட்டஃபெண்ட் என்பார் அம்மரபையே திறவுகோலாகக் கொண்டு பெர்சிபோலிஸ் ஆப்பெழுத்தை ஆராய்ந்தார். ஒரு கல்வெட்டில் தந்தையின் பெயருக்குமட்டும் அரசன் என்னும் பட்டம் இல்லை. அரசனல்லாத தந்தைக்குப் பிறந்து அரியணை ஏறியவன் தாரியஸ் என்பதைக் கிரேக்க வரலாற்றால் அவர் அறிந்திருந்தார். மன்னன் பெயர் மீண்டும் ஒலித்தது!

கிரோட்டஃபெண்ட் படைத்தலைவர் அல்லர், செல்வரும் அல்லர், 27 அகவையினரான பள்ளியாசிரியர்.

மாணவர்களே, மன்னர்கள் மலையை நம்பினர். மலை எழுத்தைச் சுமக்கும், பொருளைச் சுமக்காது. அதனைச் சுமப்பவர் கற்பிப்பாரும் கற்பாருமே. ஒரு தலைமுறை கற்க மறுப்பின், மாமன்னன் வாக்கும் வெறுங் கீறலாகிவிடும். ஆதலின், வகுப்பில் ஒரு சிறுவன் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குரலை நான் இப்போது எளிதாகக் கருதுவதில்லை.