கடலிலிருந்து கடலுக்கு ஓட்டம்

இங்கிலாந்தின் மேற்குக் கரையில் செயின்ட் பீஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே ஐரிஷ் கடலில் காலை நனைத்து, கூழாங்கல் ஒன்றைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு புறப்படுகிறார்கள். கிழக்கே ராபின் ஹுட்ஸ் பேயில் வடகடலைக் கண்டதும் அந்தக் கல்லை அதில் எறிய வேண்டுமாம். நடுவே சுமார் 300 கிலோமீட்டர்! கெண்டல் நகரசபையில் பொக்கிஷதாராக இருந்து ஓய்வு பெற்ற வெயின்ரைட் என்பவர், 1973-இல் புத்தகம் எழுதி வகுத்துக் கொடுத்த பாதை இது. நடப்பவர்களுக்கு இரண்டு வாரம் பிடிக்கும். சில நாட்களிலேயே ஓடி முடிக்கிறவர்களும் உண்டு.

ஓடுகிறவருக்குக் கால் இருந்தால் போதும். கூடவே காரில் போகிறவருக்கல்லவா தலைவலி! உலர்ந்த காலுறை, பிளாஸ்க்கில் சூடான டீ, உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு — கல்யாண வீட்டு உக்கிராண அறை தோற்றுவிடும்.

ஆனால் பாட்டர்டேலிலிருந்து ஷாப் வரை 25 கிலோமீட்டர் இருக்கிறதே, அங்கே இந்தச் சம்பிரமம் பலிக்காது. நடுவே 780 மீட்டர் உயரத்தில் கிட்ஸ்டி பைக் சிகரம். ஓடுகிறவர் மலையேறித் தாண்டுவார். காரோ ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மேலே மூடுபனி இறங்கிவிட்டால் பாதை தெரியாது. ஈர உடையோடு நின்றால் குளிர் ஆளையே சாய்த்துவிடும். ஆகவே வரைபடம், திசைகாட்டி, மழைக்கோட்டு, விசில், ஒரு வேளை ஆகாரம் எல்லாம் அவர் முதுகிலேயே இருக்க வேண்டும். எத்தனை மணிக்குள் வராவிட்டால் மலை மீட்புக் குழுவைக் கூப்பிடுவது என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும். கைப்பேசியா? அந்தப் பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் அது ஊமை!

கெல்ட் கிராமம் வந்தால் பாதி வழி. அதற்குச் சற்று முன்னால் நைன் ஸ்டாண்டர்ட்ஸ் மேட்டில் சதுப்பு நிலம் காலைப் பிடித்து இழுக்கும். காலுறை மூட்டையைக் கெல்டில் அவிழ்ப்பதுதான் புத்தி.